தெரியாதவர் அனுப்பிய படம்

வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "மேடம், நீங்க பாதுகாத்ததிலேயே பெரிய சிஸ்டம் எது?" மொன்றியாலில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தவள் நான்; புதியவர்களிடம் பேச இன்றும் என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் குளிரூட்டிய அறை, வரிசை வரிசையாகச் சர்வர்கள் என்று ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பார்கள். நான் சொல்வதோ பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடி வீடு ஒன்றின் முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய பெட்டியைப் பற்றி. அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் ஓடியது. அதைப் பயன்படுத்தியவர் என் தோழி ஒருவர் மட்டும்தான். இதைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் தொங்கிப்போகும். தொங்கட்டும். என் வேலைக்காலத்தில் நான் மார்தட்டிக்கொள்ளும் பெட்டி அதுதான், அதைப் பற்றிப் பேசும்போது எனக்கு அடக்கம் வராது.

தோழியின் பெயர் தவமணி. எனக்குச் சில வயது மூத்தவர், அதனால் அக்கா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் கோயம்புத்தூர்க்காரி. டொலார்டில் உள்ள முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது பழக்கம். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவதைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். அப்படியே ஒட்டிக்கொண்டோம். பகலில் அவருக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் கலியாணம் பேசுவார். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஜெர்மனி என்று சிதறிக் கிடந்த குடும்பங்களை மின்னஞ்சலில் இணைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பையனின் குறிப்பும் படமும் வரும், இங்கிருந்து பெண்ணின் குறிப்பும் படமும் போகும். நாம் ஜாதகம் என்பதைத்தான் அவர்கள் குறிப்பு என்கிறார்கள்.

அவர் வீட்டில் முதலில் இருந்தது எல்லார் வீட்டிலும் இருந்ததைப் போன்ற ஒரு விண்டோஸ் கணினி. ஒருநாள் அதில் மின்னஞ்சல் வழியாக ஒரு வைரஸ் புகுந்துகொண்டது. கணினியில் இருக்கும் கோப்பு ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்து, முகவரிப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் அனுப்பிவிடும் ரகம் அது. தவமணி அக்காவின் கணினியில் அது எடுத்தது நிரோஷா என்ற பெண்ணின் விவரங்கள் இருந்த கோப்பை. நிரோஷா, நகரின் மேற்குப் பக்கம் பியர்பொன்ட்ஸில் இருந்த பரமேஸ்வரியின் மகள். சின்ன வயதில் அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்திருந்தது. இப்போது பூரண சுகம். மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திக்கும்போது தானே சொல்லிக்கொள்வதாகவும், அதுவரை விஷயம் வெளியே போகவேண்டாம் என்றும் பரமேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தார். அது ஒரே மத்தியானத்தில் நாலு நாடுகளுக்குப் போய்விட்டது. ஜெர்மனியில் பேச்சு நடந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் அதை மூன்றாவது மனிதர் வாயால் கேட்டார்கள். மறைத்துவிட்டார்கள் என்று சொல்லி விலகிக்கொண்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பரமேஸ்வரி எல்லார் முன்னாலும் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தவமணி அக்கா தாங்கியிருப்பார்.

"நீங்கள் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும், தவமணியக்கா. உங்கட கொம்பியூட்டர் சொல்லிப்போட்டுது. இனி என்ர பிள்ளையின்ர பேரை உங்கட வீட்டில எடுக்காதேங்கோ."

அதோடு மற்றவர்களும் மெல்ல மெல்லத் தங்கள் பிள்ளைகளின் குறிப்புகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இருபது வருடமாக வாயைக் கட்டி, வதந்திக்கு இடம் கொடுக்காமல் சம்பாதித்த பெயர் ஒரு கோப்போடு போய்விட்டது. சில வாரம் கழித்து அக்காவிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது.

"வசந்தா, எனக்கு ஒரு கொம்பியூட்டர் செய்து தாரும். அது வாய் திறக்கப்படாது."

எங்கள் அலுவலகத்தில் கழித்துப்போட்ட ஒரு கணினியைக் கேட்டு வாங்கி லினக்ஸ் போட்டேன். எதையெதை நிறுத்தினேன், எந்தக் கதவை அடைத்தேன் என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், நான் சொல்லிக் கழுத்தறுக்க மாட்டேன். சுருக்கமாக, அவருக்குத் தேவையில்லாத எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை. எதையும் புதிதாக நிறுவும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, எங்கள் அலுவலகச் சுவரெல்லாம் ஒட்டியிருந்த விதியையும் பெருமையாக ஒப்பித்தேன்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. யாருன்னு தெரியாதவங்க அனுப்பற படம், ஃபைல் எதையும் திறக்கவே கூடாது."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆரெண்டு தெரியாத ஆக்களின்ர படத்தைத் திறக்காமல் நான் எப்பிடிக் கலியாணம் பேசுறது?"

நான் விதியைத் திரும்ப ஒப்பிக்கப் போனேன்.

"தெரிஞ்ச ஆக்கள் எண்டால் அவைக்கு நான் தேவையில்லையே, வசந்தா" என்றார் மறுபடி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

இந்த இடத்தில்தான் நம் தொழிலில் பெரும்பாலானவர்கள் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பயன்படுத்துகிறவருக்குப் புத்தி போதாது என்று தீர்மானித்து, விதியை இன்னும் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு வந்துவிடுவார்கள். எனக்கு அந்த மனிதர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்நியர்களைத் திறந்து பார்ப்பதே ஒருவருடைய வேலையாக இருந்தால் திறக்காதே என்பது பாதுகாப்பு ஆகாது, வேலையை விடு என்பதுதான் அதற்கு அர்த்தம். பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். இந்த மனுஷி எப்படித்தான் வேலை செய்கிறார் என்று பார்க்க, சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தேன்.

அன்று ரொறன்ரோவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. குறிப்பைத் திருப்பி வாங்காமல் மிச்சமிருந்த சிலரில் ஒருவருக்காக. நான் மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வந்தவர்களை முன்னறையில், அவர் பேச்சில் ஹோலில், இருத்தி, பலகாரம் வைத்து, நன்றாகச் சிரித்துப் பேசினார். குறிப்புகளும் படங்களும் உள்ளே படுக்கையறை அலுமாரியில். வந்தவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. சமையலறைப் பக்கம் எழுந்த அம்மாவைக்கூட, "இருங்கோ, நான் கொண்டுவாறன்" என்று அமர்த்திவிட்டார். எது காட்டலாமோ அதை மட்டும் உள்ளே போய் எடுத்து வந்து காட்டினார், திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அந்த மூன்று மாடியையும் இறங்கி மெட்ரோவுக்கு நடப்பதற்குள் எனக்கு வழி கிடைத்துவிட்டது. தெருவிலேயே தனியாகச் சிரித்தேன்.

பெட்டியை இரண்டாகப் பிரித்தேன். வெளியிலிருந்து வருவது எதுவானாலும் ஒரு பக்கத்தில்தான் வந்து இறங்கும். அந்தப் பக்கத்தில் முகவரிப் பட்டியல் இல்லை, யாருடைய குறிப்பும் இல்லை, அங்கிருந்து வெளியே எதுவும் அனுப்பவும் முடியாது. அங்கே உட்கார்ந்து அக்கா யார் அனுப்பிய எதையும் தைரியமாகத் திறந்து பார்க்கலாம். குறிப்புகள் இருந்தது மறுபக்கத்தில். இரண்டுக்கும் நடுவே நான் எழுதிய ஒரு சின்ன நிரல் காவல் நின்றது. தவமணி அக்கா முதல் பக்கத்துக்கு ஹோல் என்றும் மறுபக்கத்துக்கு அறை என்றும் பெயர் வைத்தார்.

உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் இப்போது கையைத் தூக்குவார். அந்த வைரஸ்கள் லினக்ஸில் ஓடவே ஓடாதே, இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று. சரியான கேள்வி, பாதிக் கேள்வி. அக்காவின் பெட்டிக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அவருடைய தொழிலே வந்ததை இன்னொருவருக்கு அனுப்புவது. தனக்கு ஒன்றும் ஆகாமல், நோயை மட்டும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவராக அவர் ஆகியிருப்பார். அதனால் அந்தக் காவல் நிரல் கோப்பின் பெயரை நம்பாது. உள்ளே பார்க்கும். உண்மையிலேயே படமாக இருந்தால் அதைப் புதிதாக வேறொரு படமாக எடுத்து, அந்தப் புதுப்படத்தைத்தான் அறைக்கு அனுப்பும். படமாக இல்லாவிட்டால் நிறுத்திவிடும். நிறுத்தும்போது திரையில் என்ன எழுத என்று கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை. "இது படமில்லை. உள்ளுக்கு விடமாட்டன்." அதையே போட்டேன். மொன்றியாலில் யாழ்ப்பாணத் தமிழ் பேசிய முதல் காவற்காரன் அவன்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அந்த வருடங்களில் ஒவ்வொரு தமிழ் இணையதளமும் தனக்கென்று ஒரு எழுத்துருவை வைத்திருந்தது. இதை இறக்கினால்தான் படிக்கலாம் என்று ஒரு பொத்தான் இருக்கும், நம் சனங்கள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார்கள். தமிழ் படிக்கிற ஆசையிலேயே கெட்டுப்போன கணினிகள் எத்தனையோ. நான் அக்காவுக்கு வேண்டிய எழுத்துருக்களை எல்லாம் முதலிலேயே போட்டுவைத்து, அந்தப் பொத்தானுக்கு வேலை இல்லாமல் செய்தேன்.

முதல் மாதம் அவர் என்னைத் திட்டாத நாளில்லை. ஒரு படத்தை உள்ளே கொண்டுபோக இரண்டு தரம் அழுத்த வேண்டியிருக்கிறதாம். பிறகு பழகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இது ஹோல், அது அறை" என்று தானே திரையைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். விட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். பரமேஸ்வரி மட்டும் வரவில்லை. கோயிலில் எதிரே வந்தாலும் சன்னதிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நிரோஷாவுக்கு வேறெங்கும் பொருந்தவில்லை என்று காற்றுவாக்கில் செய்தி வரும்போதெல்லாம் அக்கா அன்று முழுக்க எந்தக் குறிப்பையும் கையில் எடுக்கமாட்டார். பத்துக் கலியாணம் நடத்தினாலும் இந்த ஒன்று அவர் நெஞ்சில் கிடந்தது.

அடுத்த வருடம் கோடை முடியும் சமயத்தில் பெரிய அலை ஒன்று வந்தது. காலையில் நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோதே எல்லாத் தொலைபேசிகளும் அடித்துக்கொண்டிருந்தன. பேராசிரியர்களின் கணினிகள் ஒன்றையொன்று கடிதம் எழுதிக் கொன்றுகொண்டிருந்தன. நாங்கள் மாடி மாடியாக ஓடி வயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தவமணி அக்கா கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

"வசந்தா, பரமேஸ் எழுதியிருக்கிறா. நிரோவின்ர புதுப் படம் அனுப்பியிருக்கிறா. ஹோலில திறந்தால் ஒண்டும் தெரியேல்லை, அறைக்குள்ள விடமாட்டன் எண்டு உம்மட பெட்டி நிக்குது. நீர்தானே பூட்டினது, ஒருக்கால் திறந்துவிடும்."

கையிலிருந்த வயரைக் கீழே போட்டேன்.

"மெயில்ல என்ன எழுதியிருக்கு, அக்கா?"

"பெரிசா ஒண்டுமில்லை. இங்கிலீசில ஒரு வரி. படத்தைப் பாருங்கோ எண்டு."

"அவங்க உங்களுக்கு எப்பவாவது இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்களா?"

"கோபக்காரி. இப்ப அப்பிடித்தான் எழுதுவா." கொஞ்சம் நிறுத்தி, கெஞ்சலாகச் சொன்னார். "என்ர பெட்டிக்கு ஒண்டும் நடக்காது எண்டு நீர்தானே சொன்னனீர். திறந்தால் என்ன?"

ஒரு கடவுச்சொல்லைச் சொன்னால் காவலை விலக்கிவிடலாம். அது என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வருடமாக அவர் காத்திருந்த கடிதம் இது, இல்லை என்று சொல்லப் போகிறவள் நான். பின்னால் என் மேலதிகாரி என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்டதுதான்.

"அந்த ஃபைலோட பேர் என்ன? அப்படியே படிங்க."

"நிரோ நியூ ஃபோட்டோ எண்டு கிடக்கு. பிறகு புள்ளி போட்டு ஜேபெக். அதுக்கும் பின்னால இன்னொரு புள்ளி, பி ஐ எஃப்."

பி ஐ எஃப் என்று முடிந்தால் அது ஓடக்கூடிய நிரல். படமே இல்லை. ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த முன்பாதி. அந்த வைரஸ்கள் அனுப்புகிறவரின் பெயரைப் பொய்யாகப் போடும். ஆகவே பரமேஸ்வரியின் பெயர் இருப்பதாலேயே அது அவர் வீட்டிலிருந்து வந்ததென்று சொல்ல முடியாது. கோப்பின் பெயரை மட்டும் அது புகுந்த கணினியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நிரோ என்ற செல்லப் பெயரில், புதுப்படம் என்று எழுதிய கோப்பு வேறு யார் வீட்டில் இருக்கப்போகிறது? இந்தக் கணத்தில் பியர்பொன்ட்ஸில் ஒரு கணினி, முன்பு அக்காவின் கணினி செய்த அதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. வீட்டுக்காரிக்கு அது தெரியாது.

"அக்கா, அது பரமேஸ்வரி எழுதினதில்ல. அவங்க கம்ப்யூட்டர் எழுதறது. இப்போ, இந்த நிமிஷம், அவங்க வீட்டுல இருக்கறதை எல்லாம் எடுத்து ஊருக்கு அனுப்பிட்டிருக்கு. அவங்களுக்கு ஃபோன் பண்ணி வயரைப் பிடுங்கச் சொல்லுங்க."

அவர் குரலில் சந்தோஷம் வடிந்துபோனது எனக்குக் கேட்டது.

"நான் எப்பிடி எடுக்கிறது? அவ என்னோட கதைக்கிறேல்லையே. நீர் எடும்."

"நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. யாரோ ஒரு பொம்பளை ஃபோன் பண்ணி வயரைப் பிடுங்குன்னா பிடுங்குவாங்களா? நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

"நான் சொன்னால்தான் கேக்கமாட்டா."

"கேக்காட்டிப் போகட்டும். நீங்க சொல்லுங்க."

வைத்துவிட்டார். நான் ஓட்டமும் நடையுமாக இரண்டு ஆய்வுக்கூடங்களை அடைத்தேன். கை வேலை செய்தது, மனது பியர்பொன்ட்ஸில் இருந்தது. கடவுச்சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் அந்தப் 'படத்தை' ஆசை ஆசையாக எத்தனை மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்பியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். திரும்ப அழைப்பு வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி எடுத்தேன்.

"எடுத்தவுடன எல்லாத்தையும் ஒரே மூச்சில சொல்லிப்போட்டன், வசந்தா. 'பரமேஸ், போனை வைச்சிடாதையும். உம்மட கொம்பியூட்டருக்குப் போற இன்டர்நெட் வயரைப் பிடுங்கும். பிறகு என்னைப் பேசும்' எண்டனான்."

"பிடுங்கினாங்களா?"

"பிடுங்கிப்போட்டா." பிறகு மெதுவாகச் சொன்னார். "பேசேல்லை." அவர்கள் தமிழில் பேசுவதென்றால் திட்டுவது.

அலுவலகத்தில் ஆள் ஆளுக்குப் பேயறைந்த மாதிரி ஓடிக்கொண்டிருக்க, நான் மட்டும் நடுக்கூடத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். மேலதிகாரி எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்றே நினைத்தார். அன்று பல்கலைக்கழகம் முழுக்க எங்கள் ஆட்கள் கட்டிவைத்த எத்தனையோ அரண்கள் பொடிப்பொடியாகியிருந்தன. பார்க் எக்ஸ்டென்ஷனில் கழித்துப்போட்ட ஒரு பெட்டி, உள்ளுக்கு விடமாட்டன் என்று சொல்லி அசையாமல் நின்றிருந்தது.

அந்த வாரக்கடைசியில் நானே பியர்பொன்ட்ஸுக்குப் போய் அவர்கள் கணினியைத் துடைத்துக் கொடுத்தேன். சில பேருக்கு மட்டும் மின்னஞ்சல் போயிருந்தது. குடும்பத்தின் சொந்த விஷயங்கள் எதுவும் வெளியேறியிருக்கவில்லை. பரமேஸ்வரி நான் வேலை முடிக்கும்வரை என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார்.

"தவமணியக்காவின்ரயும் அண்டைக்கு இப்பிடித்தான் போனது, என்ன?"

எனக்குச் சுருக்கென்று ஒரு பதில் வந்தது. கோயிலில் அக்கா தலைகுனிந்து நின்றதைப் பார்த்தவள் நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன்.

"ஆமாங்க. அப்போ அவங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்ல ஒருத்தரும் இல்ல."

நான் கிளம்பும்போது கோப்பி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்த பாடம் இதில் எங்கேயோ இருக்கிறது, தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இயந்திரத்தை முன்னால் வைத்ததும் எதை மூடலாம் என்று கை பரபரக்கும். இதை வைத்து இந்த மனிதர் என்ன செய்து பிழைக்கிறார் என்று ஒரு சனிக்கிழமையாவது உட்கார்ந்து பாருங்கள். நெருக்கடியில் உங்களுக்குப் பிடித்தமானவர் கெஞ்சினால், கடவுச்சொல்லைக் கொடுப்பதற்கு முன் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தவமணி அக்கா வீட்டில் இருந்தபோது வாசல் மணி அடித்தது. பரமேஸ்வரி மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு நின்றார். வாசலில் நின்றபடியே கைப்பையைத் திறந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினார்.

"நிரோவின்ர குறிப்பும் படமும் இருக்கு. ஆபரேசன் செய்ததையும் எழுதியிருக்கிறன். அதைக் கேட்டிட்டு வாற இடம் மட்டும் வந்தால் போதும் எண்டு அவள் சொல்லிப்போட்டாள்."

அக்கா சிடியை இரண்டு கையாலும் வாங்கினார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிடியைப் பெட்டியின் ஹோல் பக்கத்தில்தான் போட்டார்.

"ஆர் கொண்டுவந்தாலும் ஹோலுக்குள்ளாலதான், பரமேஸ். குறை நினையாதையும்."

படங்கள் ஒவ்வொன்றாக அறைக்குள் போயின. அப்போது திரையின் ஓரத்தில் புது மின்னஞ்சல் ஒன்று வந்து விழுந்தது. அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"நோர்வேயில இருந்து. ஆரெண்டு தெரியேல்லை. பெடியன்ர படம் எண்டு கிடக்கு." சுட்டியில் வைத்த கையை எடுக்காமல் திரும்பிப் பரமேஸ்வரியைப் பார்த்தார். "திறக்கட்டோ?"

பரமேஸ்வரி தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"திறவுங்கோ, அக்கா."